முதுகு வசனம்

என் அண்ணிக்கு மெதுவாகப் பேச வராது. போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள்வார். ரகசியம் சொல்கிறேன் என்று ஆரம்பித்தால் மாடிவீடு வரைக்கும் அது செய்தியாகிவிடும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க மோட்டாரும் இரும்புக் கயிறும் போடுகிற சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவன். "வீட்டுக்கு வந்தாதான் எனக்குக் காது அடைக்குது" என்பான். அதெல்லாம் வாய்ப்பேச்சு. அண்ணி இரண்டு நாள் வெளியூர் போனால் அறை அறையாகப் போய் எதையோ தொலைத்தவன் மாதிரி நின்றுகொண்டிருப்பான்.

இந்தத் தொண்டைதான் ஒரு பெருச்சாளிக்கு உயிர் கொடுத்தது. அந்தப் பெருச்சாளியை உட்காரவைத்து அழவைக்கப் பார்த்தார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் டப்பிங் ஸ்டுடியோவில் சவுண்ட் இன்ஜினியர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மைக்குக்கு முன்னால் குரல் கொடுப்பவர்கள். அண்ணி அப்போது மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வீட்டுச் சாவியை நான் மறந்துபோய் எடுத்து வந்துவிட்டேன். வாங்கிப்போக வந்தவள், கீழே வாசலை அடைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தியிருந்த ஒருவனைப் பார்த்துவிட்டாள். அவனை அவள் வாங்கு வாங்கென்று வாங்கியது மாடி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. உள்ளே நாங்கள் ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூனுக்கு ஆள் கிடைக்காமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். டப்பிங் இயக்குநர், அந்தக் காலத்துப் பெரியவர், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "அந்த அம்மா யாரு? மேல கூப்பிடு" என்றார். எங்க அண்ணி என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

கார்ட்டூனில் வருகிற பெருச்சாளியின் பெயர் கோணவாலன். ரயில் நிலையத்தில், பயணிகள் தொலைத்துவிட்டுப் போன பொருட்களை வைத்திருக்கும் அறைக்கு அவன்தான் அதிகாரி. யார் வந்து எதைக் கேட்டாலும் லேசில் தரமாட்டான். ஒட்டகம் வந்து குடையைக் கேட்கும். "உன்னுதுன்னு என்ன அத்தாட்சி?" என்பான். கடைசியில் வேறு வழியில்லாமல் கொடுப்பான், கொடுக்கும்போதும் திட்டிக்கொண்டே கொடுப்பான். ஆண் பெருச்சாளிக்குப் பெண் குரலா என்று சேனல்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். ஒரு பாகம் கேட்ட பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தத் தொடரை வரைந்தவர்கள் சின்னக் கூட்டம். வாயசைவை வரைய ஆளும் நேரமும் நிறைய வேண்டும், அவர்களிடம் இரண்டும் கிடையாது. அதனால் கோணவாலன் பாதி நேரம் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியைத் துழாவிக்கொண்டிருப்பான். மூல மொழியில் அந்த இடங்களில் அவன் சும்மா விசிலடிப்பான். நம் அண்ணிக்கு வாயை மூடிக்கொண்டு மைக் முன்னால் நிற்க முடியுமா? முதல் நாளே, பெருச்சாளி திரும்பியதும் அவளும் திரும்பிவிட்டாள். "குடையாம் குடை. மழை கொட்டினப்போ எங்கடா போயிருந்தே, இப்ப வெயில்ல வந்து நிக்கிறே?" எழுதிக் கொடுக்காத வசனம். நான் பதிவை நிறுத்தக் கை வைத்தேன். பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விடு, விடு. வாய்தான் தெரியலையே!"

அன்றிலிருந்து வாய் தெரியாத இடமெல்லாம் அண்ணிக்குச் சொந்தம். நாங்கள் அதற்கு முதுகு வசனம் என்று பெயர் வைத்தோம். தெருவில் பிள்ளைகள் பேசித் திரிந்தது முழுக்க முதுகு வசனம்தான். முகம் தெரியும்போது அவன் சொன்னது ஒன்றுகூட யாருக்கும் நினைவில்லை.

அதிலும் ஒரு வசனம் தவறிப்போய் உள்ளே வந்தது. பதிவு நடக்கும்போது அந்தப் பக்கம் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அன்றைக்கு அந்த பல்பு போய்விட்டது, எங்களுக்குத் தெரியவில்லை. திரையில் கோணவாலன் முதுகைக் காட்டி எதையோ குடைந்துகொண்டிருக்கிறான், கவுண்டரில் நீர்யானை காத்து நிற்கிறது. பதிவு நின்றுவிட்டது என்று நினைத்த அண்ணி, காலையிலிருந்து மனதில் இருந்ததை என்னிடம் கொட்டினாள். "ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டுட்டுப் போறவனுக்கெல்லாம் நான் எதுக்கு எடுத்து எடுத்துக் குடுக்கணும்? வரட்டும் இன்னைக்கு, வாசல்லயே நிக்க வைக்கிறேன்!" என் அண்ணனைத்தான் சொன்னாள். திரையில் அது நீர்யானைக்குச் சொன்னது போல அச்சாகப் பொருந்திவிட்டது. பெரியவர் அதை நீக்க விடவில்லை. டிவியில் வந்தது. நகரத்துப் பிள்ளைகள் எல்லாம் ஈரத் துண்டு, ஈரத் துண்டு என்று கத்தினார்கள். அண்ணன் அந்த வாரம் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். ஆனால் துண்டு மட்டும் தினமும் கட்டிலில்தான் கிடந்தது.

தொடர் முடிந்தது, வருடங்கள் ஓடின. அண்ணி அதன் பிறகு எத்தனையோ வில்லிகளுக்கும் வக்கீல்களுக்கும் குரல் கொடுத்தாள். போன வருடம், இங்கேயே இருக்கும் ஒரு கம்பெனி உரிமையை வாங்கி, கோணவாலனைப் புதிதாக வரைந்து எடுக்கப்போகிறது என்று கேள்விப்பட்டோம். ஒலி வேலை எங்கள் ஸ்டுடியோவுக்கே வந்தது. அண்ணியையே கூப்பிட்டார்கள். அவள் அன்று வீட்டில் பேசிய பேச்சில் பக்கத்துவீட்டுக் குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டது.

பழசுதான் நல்லது என்று ஒப்பாரி வைக்கும் கூட்டத்தில் நான் இல்லை. பழைய கோணவாலனுக்கு ஒரு காட்சியில் நாலு விரல் இருக்கும், அடுத்த காட்சியில் மூன்று. புதிதாக எடுக்கட்டும், தாராளமாக எடுக்கட்டும். ஆனால் புதிதாக எடுக்கிறவர்கள் ஏன் எல்லாவற்றையும் ஈரமாக்கி, கனமாக்கி, கண்ணில் தண்ணீர் நிறுத்தி எடுக்கிறார்கள்? இதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசினார்கள், நானும் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டேன். இன்றைக்குப் பிள்ளைகள் மாறிவிட்டார்கள் என்றார் ஒருவர். திட்டினால் பெற்றோர் புகார் செய்வார்கள் என்றார் இன்னொருவர். இப்போது முகத்தில் ஒவ்வொரு மீசை முடியையும் வரைய முடியும்போது முதுகை எதற்குக் காட்டுவது என்றார் வரைகலைக்காரர். எல்லாம் சரிதான். ஆனால் எல்லாம் வெளியே சொல்கிற காரணம். ஒரு கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்தவர் அதையே திரும்ப எடுக்கும்போது, அதில் என்ன இருந்தது என்று எடுப்பதில்லை. பார்த்த அன்றைக்குத் தன் மனதில் என்ன இருந்ததோ அதை எடுக்கிறார். இதைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது.

புது இயக்குநருக்கு முப்பது வயது இருக்கும். அண்ணியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "மேடம், உங்க குரலைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்."

"அப்படியா? பார்த்தா ஒழுங்கா வளர்ந்த மாதிரிதான் இருக்கு" என்றாள் அண்ணி.

முதல் பாகத்தின் காட்சியைத் திரையில் போட்டோம். ஒரு அணில் குட்டி கவுண்டருக்கு வந்து, "எங்க அப்பா இங்க இருக்காரா?" என்று கேட்கிறது. கோணவாலனின் முகம் திரை முழுக்க வருகிறது. கண் இரண்டும் தட்டு அளவுக்கு. கண்ணீர் திரள்கிறது. குழந்தையாக இருந்தபோது அவனையே யாரோ ஈரத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து ரயில் நிலையத்தில் விட்டுப்போனார்களாம். அவன் தழுதழுத்துச் சொல்ல வேண்டிய வசனம்: "ஈரத் துண்டை விட்டுட்டுப் போனவங்க திரும்பி வருவாங்களா? எனக்கும் தெரியலையே..."

அண்ணி முதல் தடவை சொன்னபோது, அணில் குட்டி செய்யாத குற்றத்துக்கு விசாரிக்கப்படுவது போல இருந்தது. இயக்குநர் பணிவாக, "கொஞ்சம் மெதுவா, மேடம்" என்றார். இரண்டாவது தடவை, தொண்டை கட்டிய ஆள் மருந்துக்கடையில் மாத்திரை கேட்பது போல இருந்தது. மூன்றாவது தடவை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றினாள்.

"தம்பி, இவன் எதுக்கு அழுறான்?"

"தனிமை, மேடம். அவனுக்குள்ள எப்பவுமே ஒரு வலி இருந்துச்சு. அந்தத் திட்டெல்லாம் அதை மறைக்கத்தான்."

"யாரு சொன்னா? திட்டினது நான். எனக்கு ஒரு வலியும் இல்லையே. மூட்டுவலிகூட இப்பதான் வந்துச்சு."

நான் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். இயக்குநர் சிரிக்கவில்லை. கம்பெனி ஏற்கெனவே ஒரு சினிமா நடிகரின் குரலைக் கேட்டுவைத்திருக்கிறது, மென்மையான குரல், எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது, தான் ஒருவன்தான் மேடம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பதாகச் சொன்னார். "இந்தக் காட்சியை மட்டும் நான் கேக்கிற மாதிரி பேசிக் குடுங்க. திங்கட்கிழமை முடிவு பண்ணிடுவாங்க. இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

"அந்த நடிகரையே கூப்பிடுங்க. நல்லா அழுவார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். லிஃப்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள். பொத்தானை அழுத்தக்கூட இல்லை.

"விட்டுக் குடுத்துட்டீங்களா, அண்ணி?"

"கோணவாலன் என் பிள்ளை மாதிரின்னு எல்லாம் டயலாக் பேச மாட்டேன். அவன் நான்தான். என்னைப் பிடுங்கி வேற ஒருத்தர் வாயில வைக்கப் போறாங்க. போகட்டும். ஆனா நானே என்னை அழவெச்சு, துடைச்சு, பொட்டலம் கட்டிக் குடுக்க மாட்டேன்."

வீட்டில் அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும், "கொஞ்சம் மெதுவாப் பேசினா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று கேட்டுத் தொலைத்தான்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இதைத்தான் கேக்குறீங்க. குறைச்சேனா?"

"இல்ல."

"அப்புறம்?"

அப்புறம் அவன் ஸ்குரூ டிரைவரைத் தேடப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை இயக்குநர் வீடு தேடி வந்துவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். என் வீடு மேல்மாடி, பாதி நேரம் நான் இருப்பது கீழ்வீடு. சின்ன ஹால். சுவரோரம் ஒரு கட்டில், எதிரே இரண்டு நாற்காலி. நாற்காலி இரண்டிலும் இஸ்திரி போட வேண்டிய துணி மலையாகக் குவிந்திருந்தது. அண்ணி அதைத் தூக்க வருவதற்குள் அவர், "பரவாயில்ல மேடம்" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் நழுவினான்.

"நான் உங்களைக் கட்டாயப்படுத்த வரல" என்று ஆரம்பித்தார். "ஏன் அப்படி எழுதினேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். எனக்கு ஏழு வயசு இருக்கும்போது எங்க அப்பா வீட்டை விட்டுப் போயிட்டார். சண்டை எல்லாம் இல்ல. குளிச்சார், சட்டை போட்டார், வேலைக்குப் போற மாதிரியே போனார். துண்டைக் கட்டில் மேலயே போட்டுட்டுப் போனார். அம்மா அதை எடுக்கவே விடல. அங்கேயே கிடந்து காஞ்சு போச்சு. அம்மா யார்கிட்டயும் பேசறதை நிறுத்திட்டாங்க. வீடே ஊமையாயிடுச்சு. சாயங்காலம் ஆனா நான் டிவி முன்னாடி போய் உட்கார்ந்துக்குவேன். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு பாகத்துல கோணவாலன் திரும்பி நின்னுக்கிட்டு அந்தத் துண்டைப் பத்திச் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவனுக்கும் நடந்திருக்குன்னு நினைச்சேன். இவனும் முகத்தைக் காட்டாம அழுறான்னு நினைச்சேன். அன்னைலேருந்து அவன்தான் எனக்கு எல்லாம். அதைத்தான் மேடம் எழுதினேன்."

என் கோபம் எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அண்ணியைப் பார்த்தேன். அவள் முகமும் இளகிவிட்டது. தண்ணீர் டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவள் ஒத்துக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாவம் பார்த்து, திங்கட்கிழமை போய், தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அழுகையை அழுதுவிடுவாள். "சரிப்பா, நான் வந்து..." என்று ஆரம்பித்தும்விட்டாள்.

அதற்குள் இயக்குநர் நெளிந்தார். கையைப் பின்னால் கொண்டுபோய் பேண்ட்டைத் தொட்டுப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. மெதுவாக எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில், போர்வையோடு போர்வையாக, அண்ணனின் துண்டு. சொட்டச் சொட்ட ஈரம்.

சரியாக அந்த நேரம் பார்த்து அண்ணன் டீத் தட்டோடு வெளியே வந்தான். கட்டிலைப் பார்த்தான். வந்த வழியே திரும்பப் பார்த்தான்.

"நில்லுங்க அங்கேயே!" என்றாள் அண்ணி. வீடு அதிர்ந்தது. "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்க, போடாதீங்கன்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துறேனே, காதுல ஏறுதா? வீட்டுக்கு வந்த மனுஷன் பேண்ட்டை நனைச்சுட்டு நிக்கிறார். இனிமே வேலை விட்டு வந்தா வாசல்லயே நிக்க வைக்கிறேன் பாருங்க!"

கோணவாலனின் குரல். அதே ஏற்றம், அதே இறக்கம், கடைசியில் அதே இழுப்பு. இயக்குநர் கையில் தண்ணீர் டம்ளரோடு அசையாமல் நின்றார்.

"மேடம்... அந்தத் துண்டு..."

"இவரோடதுதான். அன்னைக்கு டிவியில வந்ததும் இவரோடதுதான். பல்பு போனது தெரியாம நான் என் வீட்டுக் கதையைப் புலம்பினேன்."

"இன்னுமா போடுறார்?"

"இன்னைக்குக் காலையில போட்டதுப்பா. அதான் நீயே தொட்டுப் பார்த்துட்டியே."

இவ்வளவு நேரமும் தம்பி, வாங்க, நீங்க என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவள் எப்போது நீ என்று பேச ஆரம்பித்தாள், நான் கவனிக்கவில்லை. அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஒண்ணு கேக்குறேன். உங்க அம்மா அந்தத் துண்டுக்காக உங்க அப்பாவைத் திட்டினாங்களா?"

"இல்ல. பேசவே இல்லையே."

"பேச மாட்டாங்க. போனவங்களை எவளும் துண்டுக்காகத் திட்ட மாட்டா. இருக்கிறவங்களைத்தான் திட்டுவோம். சாயங்காலம் இந்த மனுஷன் வந்து நிப்பார்னு தெரியும், அதான் வாசல்ல நிக்க வைக்கிறேன்னு கத்தினேன். கோணவாலன் முகத்தை மறைச்சுட்டு அழலப்பா. திரும்பி நின்னு கத்திட்டு இருந்தான். உங்க வீட்டுல யாருமே வாயைத் திறக்காதப்போ, உன்னைப் பார்த்துக் கத்த அவன் ஒருத்தன் இருந்தான். அவனும் உன்கூட உட்கார்ந்து மூக்கைச் சிந்தியிருந்தா, நீ அன்னைக்கே டிவியை அணைச்சிருப்பே."

அவர் சிரிப்பது போலத்தான் ஆரம்பித்தது. பிறகு தோள் குலுங்கியது. முப்பது வயது மனிதர், ஈரமான பேண்ட்டோடு, எங்கள் ஹாலின் நடுவில் நின்று குழந்தை போல அழுதார்.

"அழுறதுன்னா நின்னுக்கிட்டே அழு" என்றாள் அண்ணி. "மறுபடி மெத்தையில உட்கார்ந்துடாதே, நனைஞ்சது போதும்." சொல்லிக்கொண்டே தன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பார்க்காதது போல இருந்தேன். அண்ணன் டீத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, துண்டை எடுத்துப் போய் பால்கனிக் கொடியில் போட்டான். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

இதற்குப் பிறகு கம்பெனி மனம் மாறிப் பழையபடியே எடுத்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். கண் அதே தட்டு அளவில்தான் இருக்கிறது. பெட்டிக்குள் விட்டுப்போன கதையும் இருக்கிறது. சில பாகங்களில் வயலின் வாசிக்கிறார்கள், எனக்கு எரிச்சலாக வரும், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைப்பேன். ஆனால் இயக்குநர் திங்கட்கிழமை கூட்டத்தில் வேலையை விட்டுவிடுவேன் என்கிற அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறார். நடிகரைக் கூப்பிடவில்லை. அணில் குட்டி வருகிற அந்த ஒரு காட்சியை மட்டும் திரும்ப வரைந்தார்கள்.

அண்ணி வந்தாள். மைக்குக்கு முன்னால் நின்று செருமினாள். "சிவப்பு லைட் ஒழுங்கா எரியுதா?" என்று கேட்டாள். எரிகிறது என்றேன்.

திரையில் அணில் குட்டி கவுண்டருக்கு வந்தது. "எங்க அப்பா இங்க இருக்காரா?" என்று கேட்டுவிட்டு விசும்ப ஆரம்பித்தது. கோணவாலன் அதை ஒரு பார்வை பார்த்தான். பிறகு திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, அலமாரியைக் குடைய ஆரம்பித்தான். வசனத்தாளில் அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. வெறும் இடம்.

அண்ணியும் திரும்பினாள்.

"அங்க யாருடா அழுறது? அழுதா எனக்குக் காது கேக்காது. மூக்கைத் துடை முதல்ல. தொலைஞ்சது என்ன, எப்படி இருக்கும், உயரமா குள்ளமா, ஒழுங்காச் சொல்லு, தேடுவோம். கிடைக்கிற வரைக்கும் இங்கயே உட்காரு. நான் எங்கயும் போகல."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.